நிலத்தை விற்று சைபர் செக்யூரிட்டி படிக்க வைக்கலாமா?

கேள்வி: தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். என் கணவர் சொந்தமாக மினி லாரி ஓட்டுகிறார். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். எங்களுக்கு 55 சென்ட் கிணற்றுப் பாசன நிலம் உண்டு. சாமந்தியும் கேழ்வரகும் பயிரிடுகிறோம், செலவு போக ஆண்டுக்கு 50,000 ரூபாய் நிற்கும். அதையும் சேர்த்துக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,20,000 ரூபாய். மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து இப்போது பிளஸ் டூ தேறியிருக்கிறாள். பொறியியல் கட் ஆஃப் 164. கணினிப் பாதுகாப்புதான் படிப்பேன் என்கிறாள். பின்னாளில் லண்டனில் மேற்படிப்புப் படிக்கவும் ஆசை. சென்னையில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக். சைபர் செக்யூரிட்டிக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். கட்டணம் ஆண்டுக்கு 3,50,000, விடுதிக்கு 1,25,000. நான்கு ஆண்டுகளுக்கு 19 லட்சம். நிலத்தை 9 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். அஞ்சலக வைப்பு 3 லட்சம் இருக்கிறது. மீதி 7 லட்சத்துக்குக் கல்விக் கடன் வாங்கலாம் என்று நினைக்கிறோம். அரசுக் கலந்தாய்வில் இந்தப் படிப்பு கிடைக்காது, அது வீண் அலைச்சல் என்று முகவர் சொல்லி, வரும் வாரத்துக்குள் 50,000 முன்பணம் கேட்கிறார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனும் இருக்கிறான். என்ன செய்வது?

பதில்: நிலத்தை விற்காதீர்கள், முன்பணமும் கொடுக்காதீர்கள். மகளின் விருப்பத்தைத் தடுக்கச் சொல்லவில்லை. அவள் தேர்ந்தெடுத்திருப்பது நல்ல துறை. ஆனால் அந்தத் துறைக்குள் நுழைய உங்கள் குடும்பம் 19 லட்சம் செலவழிக்க வேண்டிய தேவையே இல்லை என்பதை உங்கள் கடிதத்தின் ஒரு வரி காட்டுகிறது: மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள்.

தமிழ்நாட்டில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் இடம் பெறும் மாணவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. அரசுக் கல்லூரிக்கு மட்டுமல்லாமல், கலந்தாய்வு வழியாகச் சேரும் தனியார் கல்லூரிக்கும் இது பொருந்தும். இத்துடன் புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கில் வரவாகும். நான்கு ஆண்டுகளில் அது 48,000 ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டில் போய்ச் சேர்ந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு தரும் கட்டணச் சலுகையை உங்கள் கையாலேயே விட்டுக்கொடுத்ததாகிவிடும். கலந்தாய்வு வீண் அலைச்சல் என்று முகவர் சொன்னது அவருடைய தரகுக்குப் பொருந்தலாம், உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாது. ஏழு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் படித்து அந்தப் பெண் ஈட்டிய உரிமை அது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி, பட்டத்தின் பெயர் பற்றி. "சைபர் செக்யூரிட்டி" என்று பெயர் தாங்கிய பி.இ., பி.டெக். படிப்புகள் நம் நாட்டில் பரவலானது அண்மைக் காலத்தில்தான். அதற்கு முன்பு இத்துறைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், மின்னணுவியல் பட்டதாரிகளே. இன்றும் நிறுவனங்கள் அந்தப் பட்டங்களைக் கேட்டே ஆள் எடுக்கின்றன. இதற்குக் காரணம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஒரு கணினியை யாரோ உடைத்து நுழைந்தார்கள் என்றால், அந்த வழியைக் கண்டுபிடிக்க இயக்க முறைமை எப்படி இயங்குகிறது, வலைப்பின்னலில் தகவல் எப்படிப் பயணிக்கிறது, நிரல் நினைவகத்தை எப்படிக் கையாள்கிறது, தரவுத்தளம் கேள்விக்கு எப்படி விடை தருகிறது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இவையே கணினி அறிவியலின் அடிப்படைப் பாடங்கள். சைபர் செக்யூரிட்டிப் பட்டத்திலும் முதல் இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி இவைதான். மறையாக்கவியல் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் முறை), எண்மத் தடயவியல் (கணினியில் பதிந்த தடயங்களை ஆராய்வது), தீநிரல் ஆய்வு (கேடு செய்யும் நிரல்களை ஆராய்வது) போன்றவை பிற்பகுதியில் சில பாடங்களாக வருகின்றன. அந்தச் சில பாடங்களுக்காக 19 லட்சம் கொடுப்பது நியாயமான விலை அல்ல என்பது என் கணிப்பு. அரசுப் பணித் தேர்வுகளிலும் இதில் ஒரு சிக்கல் எழலாம்: அறிவிக்கை கணினி அறிவியல் பட்டம் கேட்கும்போது, வேறு பெயருள்ள பட்டம் அதற்கு நிகரானது என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலை வரலாம். எனவே பெயரைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காமல், கல்லூரியைப் பார்த்துப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுங்கள். கலந்தாய்வில் ஒரு நல்ல தனியார் கல்லூரியில் சைபர் செக்யூரிட்டிப் பிரிவே 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கிடைத்தால், கட்டணம் உங்களுடையது அல்ல என்பதால், அதை எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

உங்களுக்கு எட்டும் தூரத்திலேயே இரண்டு அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன: 1994-இல் தொடங்கிய பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியும், செட்டிக்கரையில் உள்ள தருமபுரி அரசு பொறியியல் கல்லூரியும். இரண்டிலும் கணினி அறிவியல் பிரிவு உண்டு. விருப்பப் பட்டியலில் இவற்றையும் சேலம் அரசு பொறியியல் கல்லூரியையும் மேலே வைத்து, அவற்றுக்குக் கீழே தகவல் தொழில்நுட்பம், மின்னணுவியல் பிரிவுகளையும், தர அங்கீகாரம் பெற்ற தனியார் கல்லூரிகளையும் தாராளமாகச் சேருங்கள். 164 கட் ஆஃபுக்கு இன்ன கல்லூரி உறுதி என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. பட்டியல் நீளமாக இருப்பதே பாதுகாப்பு. பத்துப் பெயரோடு நிறுத்திக்கொண்டு இடம் கிடைக்காமல் போவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது.

கடன் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 7 லட்சத்தை ஆண்டுக்கு 1,75,000 வீதம் நான்கு தவணையாகப் பெற்று, வட்டி 10.5 சதவீதம் என்று கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஐந்தாம் ஆண்டு முடிவில் அந்த வட்டி மட்டும் ஏறக்குறைய 2,57,000 ரூபாய். கடன் 9,57,000 ஆகியிருக்கும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் 12,900 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 15,50,000. பதினைந்து ஆண்டுகளாக நீட்டினால் தவணை 10,600 ஆகக் குறையும், வட்டி இன்னும் கூடும். மகளுக்கு முதல் வேலையில் 28,000 ரூபாய் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், பெங்களூரில் அறை வாடகை, சாப்பாடு, பேருந்துச் செலவு போக இந்தத் தவணையைக் கட்டுவது எவ்வளவு நெருக்கடி என்பதை நீங்களே உணர்வீர்கள். இது 7 லட்சத்துக்கான கணக்கு மட்டுமே. போன நிலமும் கரைந்த வைப்பும் இதில் சேரவில்லை. முகவர் காட்டும் விளம்பரத் தட்டியில் அச்சாகியிருப்பது அதிகபட்சச் சம்பளம்; கேட்க வேண்டியது அந்த வகுப்பின் நடுமட்டத்தில் நின்ற மாணவருக்கு என்ன கிடைத்தது என்பதை.

கடன் அவ்வளவு எளிதாகக் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டாலே போதும், 7.5 லட்சம் வரை கடன் உத்தரவாத நிதியின் காப்பில் சொத்து அடமானம் இல்லாமல் தரலாம். ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்குக் கல்லூரி கேட்கும் முழுத் தொகையையும் வங்கி கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்ற உறுதி இல்லை. குடும்ப வருமானம் 4,50,000 ரூபாய்க்குள் இருந்தால், அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்கல்வி படிக்கும் காலத்துக்கான வட்டி முழுவதையும் ஒன்றிய அரசு ஏற்கும் மானியம் உண்டு. உங்கள் வருமானம் அதற்குள் வருகிறது. கல்விக் கடனுக்காக 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி என்ற ஒன்றிய அரசுத் திட்டமும் இருக்கிறது. இவை தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களை நோக்கி அமைந்தவை. நிர்வாக ஒதுக்கீடு என்றால் இந்தக் கதவும் பெரும்பாலும் சாத்தப்பட்டுவிடும்.

நிலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு 50,000 என்பது 9 லட்சத்துக்கு ஐந்தரை சதவீத வரவுதான், குறைவு என்று தோன்றலாம். ஆனால் லாரி பழுதாகி நிற்கும் மாதத்திலும் அந்த நிலம் கொடுக்கிறது. கிணறு உள்ள நிலத்தை விற்றுவிட்டால் திரும்ப வாங்குவது உங்கள் வருமானத்தில் நடக்காது. அதில் மகனுக்கும் பங்கு உண்டு. நகைகள் இருந்தாலும் அவற்றை அடகு வைத்து நான்கு ஆண்டுச் செலவை ஓட்ட எண்ணாதீர்கள். நகைக் கடன் சில மாத நெருக்கடிக்கு உரியது.

அஞ்சலக வைப்பிலிருந்து 75,000 ரூபாயை மட்டும் எடுங்கள். 16 ஜி.பி. நினைவகம் உள்ள ஒரு மடிக்கணினிக்கும் நூல்களுக்கும் அது போதும். இந்தத் துறையைக் கற்பவர் ஒரே கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இரண்டு மூன்று மெய்நிகர் கணினிகளை இயக்கிப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் மலிவான இயந்திரம் வாங்கி அவதிப்பட வேண்டாம். மீதி 2,25,000 அப்படியே இருக்கட்டும். கல்லூரிக் காலத்தில் கணினிப் பாதுகாப்பைத் தனியே கற்க அதிகம் செலவில்லை. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில் தகவல் பாதுகாப்பு, மறையாக்கவியல் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம், அதுவும் சிறிய தொகை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் நடத்தும் பிகோசிடிஎஃப் என்ற பயிற்சிப் போட்டியும் இலவசம். ஓசூரிலும் பெங்களூரிலும் "எத்திக்கல் ஹேக்கிங்" என்று லட்சக்கணக்கில் வாங்கும் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்ட வேண்டாம். இத்துறையில் பெரிதும் மதிக்கப்படும் சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழுக்கு ஐந்து ஆண்டுப் பணி அனுபவம் தேவை, பட்டம் இருந்தால் ஓர் ஆண்டு குறையும். கல்லூரி மாணவி அதற்காக இப்போது செலவு செய்வதில் பயனில்லை. மகளிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பழகுவது சொந்தக் கணினியிலும் அனுமதி பெற்ற தளங்களிலும் மட்டுமே இருக்க வேண்டும். பிறர் கணினிக்குள் அனுமதியின்றித் தவறான நோக்கத்துடன் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அப்படி ஒரு வழக்கு இருந்தால் இந்தத் துறையில் வேலை கிடைப்பது மிகக் கடினம்.

செலவழிக்க உரிய இடம் முதுநிலை. அங்கேதான் சிறப்புப் படிப்புக்கு உண்மையான மதிப்பு கூடுகிறது. எம்.டெக். சேர்க்கைக்கான தேசிய அளவிலான கேட் தேர்வில் தகுதி பெற்று எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும், ஐ.ஐ.டி. கான்பூரில் இணையப் பாதுகாப்புக்கே எம்.டெக். இருக்கிறது. ஒன்றிய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக் நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்பு முதுநிலைப் பட்டயம் ஆறு மாதத்தில் முடிகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணையத் தடயவியலும் தகவல் பாதுகாப்பும் எம்.எஸ்சி. பாடமாக உள்ளன. மகள் சொல்லும் லண்டன் ஆசையும் அர்த்தமற்றது அல்ல: அந்நகருக்கு அருகே உள்ள ராயல் ஹாலோவே கல்லூரி 1992-லேயே தகவல் பாதுகாப்பில் எம்.எஸ்சி. தொடங்கிவிட்டது. ஆனால் வெளிநாட்டுப் படிப்புக்கு 7.5 லட்சத்துக்கு மேல் கடன் என்றால் வங்கி சொத்து அடமானம் கேட்கும். வாராக் கடனுக்குச் சொத்தைக் கைப்பற்ற உதவும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பதால், அதை அடமானமாக ஏற்க வங்கிகள் தயங்கும். ஆகவே அவள் இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்து, தன் சம்பளச் சீட்டின் பலத்தில் அந்த முடிவை எடுக்கட்டும். கடனில்லாமல் பட்டம் முடித்தவளால்தான் அது இயலும்.

வேலை இருக்குமா என்ற கவலை உங்களுக்கு இருக்கலாம். வங்கிகள் இணையப் பாதுகாப்புக்கு உரிய கட்டமைப்பை வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016-இல் ஆணையிட்டது. இணையத் தாக்குதல் நேர்ந்தால் அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இணையத் தாக்குதல்களைக் கையாளும் ஒன்றிய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022-இல் உத்தரவிட்டது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் கட்டாயப்படுத்தும் வேலைக்கு ஆள் தேவை குறையாது. ஓசூர் சிப்காட் ஆலைகளிலும் இயந்திரங்கள் வலையில் இணைந்துவிட்டன. அவற்றையும் காக்க ஆள் வேண்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை: கலந்தாய்வுப் பதிவின் கடைசி நாளுக்குக் காத்திராமல் பதிவு செய்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கான இடத்தில் மறக்காமல் விருப்பம் தெரிவியுங்கள். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் ஆறாம் வகுப்பு முதல் படித்ததற்கான சான்றும், இ-சேவை மையத்தில் வருமானச் சான்றும், சாதிச் சான்றும் வாங்குங்கள். குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லையெனில் முதல் பட்டதாரிச் சான்றும் எடுத்து வையுங்கள். ஒதுக்கீட்டில் இடம் அமையாமல் பொதுக் கலந்தாய்வில் தனியார் கல்லூரிக்குப் போக நேர்ந்தால், அந்த முதல் பட்டதாரிச் சான்று கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை குறைக்கும். அப்போது கடன் தேவைப்பட்டாலும் 4 லட்சத்துக்குள் அடங்கிவிடும். கிளை மேலாளர் அதற்கும் அடமானம் கேட்டால், மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் எழுத்தில் மனுக் கொடுங்கள். முகவருக்கு ஏற்கெனவே ஏதும் கொடுத்திருந்தால் கல்லூரியின் பெயரில் அச்சிட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மகளின் அசல் சான்றிதழ்கள் அவரிடம் இருந்தால் அவற்றை இன்றே திரும்பப் பெறுங்கள், ஏனெனில் கலந்தாய்வின் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அவை தேவைப்படும்.