ஆறே வாரம் வந்த தொடர்

வணக்கம் ஐயா,

1980களின் கடைசியில் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு தொடர் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் கடிகாரம் பழுதுபார்ப்பவர். வாரம் ஒருவர் நின்றுபோன கடிகாரத்தோடு அவரிடம் வருவார். அது நின்ற நேரத்தில் என்ன நடந்தது என்பதுதான் அந்த வாரக் கதை. ஐந்தாறு வாரம் வந்திருக்கும், பிறகு காணோம். இணையத்தில் தேடாத இடமில்லை. அண்ணனைக் கேட்டால், "கலங்கரை விளக்கமா? அது ரயில் நிலையம்டா" என்கிறார். வீட்டில் ஒரு பெட்டி நிறைய விஎச்எஸ் கேசட்டுகள் கிடக்கின்றன. மேலே எழுதியிருப்பது எல்லாம் சினிமாப் பெயர்கள். இப்படி ஒரு தொடர் உண்மையிலேயே வந்ததா, நானாகவே கற்பனை செய்துகொண்டேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இணையத்தில் கிடைக்கவில்லை என்பதற்காக நீங்கள் உங்கள் நினைவைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ரகளையோடு விழுந்த நிகழ்ச்சிகள் வரலாற்றில் தங்கிவிடும். 1961இல் ஜாக்கி கிளீசன் நடத்திய 'யூ ஆர் இன் த பிக்சர்' அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒரே வாரம் வந்தது. அடுத்த வாரம் அதே நேரத்தில் அவரே வந்து உட்கார்ந்து, அது ஏன் படுதோல்வி என்று பேசினார். 1969இல் இன்னொரு அமெரிக்க நிறுவனமான ஏபிசியின் 'டர்ன்-ஆன்' முதல் ஒளிபரப்போடு முடிந்தது. இவ்விரண்டையும் பற்றி இன்றுவரை எழுதுகிறார்கள். ஆறு வாரம் வந்து, யாரும் கோபப்படாமல், யாரும் கொண்டாடாமல் நின்ற தொடர்தான் தடமில்லாமல் போகிறது. மறுஒளிபரப்பு இல்லை, கேசட் விற்பனை இல்லை, எழுதியவர் யாருமில்லை.

மூல நாடாவும் இல்லாமல் போயிருக்கலாம். 1956இல் ஆம்பெக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்த இரண்டு அங்குல நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடும். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு 4,500 அடி நாடா வேண்டும். அந்த விலைக்கும் அது அடைக்கும் இடத்துக்கும் பயந்து, உலகெங்கும் நிலையங்கள் பழையதை அழித்துப் புதியதைப் பதிந்தன. புகழ்பெற்ற 'டாக்டர் ஹூ' தொடரிலேயே 1960களின் பகுதிகள் பல பிபிசியிடம் இல்லாமல் போயின. ஆனால் அப்படிப் போன எல்லாப் பகுதிகளுக்கும் ஒலி இருக்கிறது. வீட்டில் பார்த்த ரசிகர்கள் ஒலிநாடாவில் பிடித்து வைத்திருந்தார்கள். ஆகவே உங்கள் பெட்டியை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன்.

அதைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை. தேடுவதை இன்றோடு நிறுத்திவிட்டு, நினைவில் இருப்பதை எழுதுங்கள். தேடத் தேட, பார்க்கும் படங்களும் மற்றவர்களின் விவரிப்பும் உங்கள் நினைவோடு கலந்துவிடும். பிறகு எது எதிலிருந்து வந்தது என்று பிரிக்கவே முடியாது. அண்ணன் தனியாக எழுதட்டும். இருவரும் இனி இதைப் பற்றிப் பேச வேண்டாம். "கலங்கரை விளக்கம் வந்ததே?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். "கடிகாரக்காரர் வரும் தொடர் ஏதாவது ஞாபகமிருக்கிறதா, எங்கே நடக்கும்?" என்று கேளுங்கள். தொடரின் பெயராக நினைவில் நிற்பது தலைப்புப் பாடலின் முதல் வரியாக இருக்கலாம். மிகத் தெளிவாக நினைவிருக்கும் காட்சி, தொடருக்கு முன்பே பத்து இருபது தடவை காட்டிய முன்னோட்டத்தில் வந்ததாக இருக்கலாம். மொழிமாற்றத் தொடராக இருந்தால் நடிகரின் குரலை வைத்துத் தேடுவது வீண். கலங்கரை விளக்கமும் ரயில் நிலையமும் இரண்டு வேறு தொடர்களாகவே இருக்கவும் கூடும்.

காலத்தைப் பிடிப்பதற்கு ஆண்டை நேராக யோசிக்காதீர்கள். பழைய நிகழ்ச்சிகளை நடந்த காலத்தைவிடச் சமீபத்தியதாக நினைப்பது மனித இயல்பு. எந்த வகுப்பில் படித்தீர்கள், மறுநாள் பள்ளி உண்டா, கறுப்பு வெள்ளையா வண்ணமா, அதற்கு முன்னால் செய்தி வந்ததா என்று கேட்டுக்கொண்டால் கிழமையும் நேரமும் மெல்லத் தெளியும்.

அதை வைத்துக்கொண்டு நூலகத்தில் பழைய நாளிதழ்களின் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். ஆண்டு முழுவதையும் புரட்ட வேண்டாம். தொடர்களை 13 வாரக் கணக்கில் திட்டமிடும் வழக்கம் பரவலாக இருந்ததால், மூன்று மாதத்துக்கு ஓர் இதழ் பார்த்தாலே அந்த நேரத்தில் என்ன மாறியது என்று தெரியும். மாறிய இடத்தில் மட்டும் வாரம் வாரமாக இறங்குங்கள். ஆறே வாரத்தில் நின்றது இரண்டு இதழ்களுக்கு நடுவில் நழுவிவிடலாம். அப்போது ஐந்து வாரத்துக்கு ஓர் இதழ் பாருங்கள். நிரலில் பெயர் இருந்தால் திட்டமிட்டார்கள் என்றுதான் பொருள். கடைசி நேர ரத்து அச்சில் ஏறியிருக்காது. அடுத்த வார விமர்சனமோ வாசகர் கடிதமோ கிடைத்தால்தான் ஒளிபரப்பு உறுதி. நான்கு இணையதளங்களில் ஒரே வாசகம் இருந்தால் அது ஒரே சாட்சி.

இனி கேசட்டுகள். மேலே எழுதிய சினிமாப் பெயரோடு நின்றுவிடாதீர்கள். நீளமான பதிவின்மேல் குறுகியதைப் பதிந்தால், புதியது முடிந்த இடத்திலிருந்து பழையது எட்டிப் பார்க்கும். தொலைந்த தொடர் அந்த வாலில் கிடைக்கலாம். படம் முடிந்து வெறும் புள்ளிகள் ஓடினாலும் நாடா தீரும்வரை விடுங்கள்.

ஓட்டுவதற்கு முன் கேசட்டின் ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைத் தூளோ நூலாம்படை போன்ற படலமோ இருந்தால் அது பூஞ்சணம். இயந்திரத்தில் போட்டால் அடுத்தடுத்த கேசட்டுகளுக்கும் பரவும். தனிப் பையில் போட்டுத் தேர்ந்தவரிடம் கொடுங்கள். நல்ல கேசட் என்றால், தேவையில்லாத ஒன்றை முதலில் ஓட்டி, இயந்திரம் நாடாவைக் கடிக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகு இதைப் போடுங்கள். ஒருமுறை கடைசிவரை சுற்றித் திரும்பச் சுற்றினால் ஒட்டிக்கிடக்கும் சுற்றுகள் பிரியும். படம் மங்கினால், சுழலும் டிரம்மில் இருந்து நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைக்க வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நார் உதிராத தோல்துண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மைக் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடையும். பஞ்சுக்குச்சியின் நார் அதில் மாட்டும்.

180 நிமிடக் கேசட்டில் ஆறு மணி நேரம் பிடிக்க எல்பி எனும் பாதி வேகத்தில் பதிந்திருந்தால் தடங்கள் குறுகலாக இருக்கும், வேறு இயந்திரம் தடுமாறலாம். பதிந்த அதே இயந்திரம் பிழைத்திருந்தால் அதிலேயே ஓட்டுங்கள். கணினிக்கு மாற்றும்போது படத்தின் மேற்பகுதி வளைந்தாலோ, ஒலி போகப்போக உதட்டைவிட்டு விலகினாலோ, படத்தை நிலைநிறுத்தும் ஒத்திசைவுத் துடிப்பு ஆட்டம் காண்கிறது, படத்தைக் கணினிக்குள் எடுக்கும் கேப்சர் கார்டு பிரேம்களை விட்டுவிடுகிறது என்று அர்த்தம். இடையில் அந்த ஆட்டத்தைச் சீராக்கும் டைம்பேஸ் கரெக்டர் என்ற கருவியை வைத்தால் பெரும்பாலும் சரியாகும். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைப் பதிவென்றால் 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 பிரேம், இன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒரு வரியாகப் படம் வரும் முறை) கலையாமல் எடுங்கள். DV எனும் டிஜிட்டல் வீடியோ வடிவில் ஒரு மணி நேரப் பதிவுக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். தரம் இழக்காமல் சுருக்கும் எப்எப்வி1 (FFV1) வடிவம் இன்னும் பெரிது, ஆனால் மூலப்பிரதிக்கு அதுவே தகும்.

விளம்பரங்களையும் அறிவிப்பாளர் வரும் இடங்களையும் தயவுசெய்து வெட்டாதீர்கள். தேதியை நிரூபிப்பவை அவைதான். டெலிடெக்ஸ்ட் (ஒளிபரப்போடு சேர்ந்து வந்த எழுத்துப் பக்கங்கள்) இருந்த நிலையத்தின் பதிவானால், படத்துக்கு மேலே மறைந்திருக்கும் வரிகளிலிருந்து அந்தப் பக்கங்களைத் தேதியோடு மீட்கும் மென்பொருளும் இருக்கிறது.

இரண்டே நிமிடம் கிடைத்தாலும் கோப்போடு ஒரு குறிப்பு வையுங்கள். எந்தக் கேசட், அதில் எத்தனையாவது நிமிடம், எந்த வேகம், தேதிக்கு எது ஆதாரம், எது ஊகம் என்று தனித்தனியாக எழுதுங்கள். பொதுவெளியில் ஏற்றுவதற்கு உரிமையாளர் இசைவு வேண்டும். ஒளிபரப்பு ஆவணக்காப்பகத்துக்கு எழுதிக் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. நாடாவை மட்டும், மாற்றியாயிற்றே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்.