கடற்கரைக் குப்பையை ஏன் எண்ணி எழுதுகிறார்கள்?

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை, சர்வதேசக் கடற்கரைத் தூய்மை நாளில், பெசன்ட் நகர் கடற்கரையில் குப்பை பொறுக்குகிறவர்கள், அதை ஏன் தாளில் எண்ணியும் எழுதுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்னைக் கேட்டால் அந்தத் தாள்தான் முக்கியம். 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரண்டு பெண்கள் தொடங்கிய வழக்கம் இது. அன்று வந்தவர்கள் சுமார் 2,800 பேர். இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது.

எடை மட்டும் போட்டால் நனைந்த சாக்கு ஒன்றே ஜெயித்துவிடும். எண்ணினால்தான் சிகரெட் துண்டு கண்ணில் படும். பல ஆண்டுகள் உலகப் பட்டியலில் அதுதான் முதலிடம். அதன் வடிகட்டி பஞ்சு மாதிரி இருந்தாலும் ஒரு வகை பிளாஸ்டிக்தான்.

நம் ஊரில் இன்னொரு பயனும் உண்டு. டீ கப், சிப்ஸ் பாக்கெட் என்றால் பெரும்பாலும் கரைக்கு வந்தவர்கள் போட்டது. ஒற்றைச் செருப்பு, மாத்திரை அட்டை என்றால் மழை வெள்ளத்தோடு அடையாறு கொண்டுவந்து தள்ளியதாக இருக்கலாம். முன்னதற்குக் குப்பைத்தொட்டி போதும். பின்னதற்கு ஆற்றோரம் போய்த்தான் வேலை பார்க்கணும். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடையான ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் இன்னும் எவ்வளவு கிடக்கின்றன என்பதும் தெரிந்துவிடும்.

அப்புறம், நீங்களும் போவதாக இருந்தால் ஒன்று: மீன்வலைத் துண்டை விட்டுவிடாதீர்கள். ஜனவரியிலிருந்து முட்டையிட வரும் பங்குனி ஆமைகள் என்ற கடலாமைகள் அதில் சிக்கிக்கொள்ளும். வலை பாதி மணலுக்குள் இருக்கும், இழுத்தால் வராது. சுற்றிலும் தோண்டித்தான் எடுக்கணும்.