தொமாலின் கைக்குட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சுக் கவிஞர் ரெனே தொமால் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். இளவயதில் ஒரு ரசாயனத்தை முகர்ந்து அடைந்த மயக்கத்தின் மேல் எழுந்த சிந்தனையைத் தத்துவம் என்று எப்படி ஏற்பது? அவரை சர்ரியலிஸ்ட் என்பதாவது சரிதானா?

க.

அன்புள்ள க.,

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. தொமாலும் அவர் நண்பர் ரோஜே ழில்பேர்-லெகோந்த்தும் 1928இல் தொடங்கிய ‘பெரும் ஆட்டம்’ இதழ், கனவையும் ஆழ்மனத்தையும் கலையின் ஊற்றாகக் கொண்ட சர்ரியலிச இயக்கத்துக்கு அண்டைவீடு. அந்த இயக்கத்தின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோன் அழைத்தும் தொமால் அதில் சேரவில்லை. 1930இல் பகிரங்கக் கடிதம் எழுதி மறுத்துவிட்டார்.

முதல் கேள்விதான் முக்கியமானது. தொமால் இளவயதில், வண்டுகளைக் கொல்ல வைத்திருந்த கார்பன் டெட்ராகுளோரைடைக் கைக்குட்டையில் நனைத்து மூக்கில் வைத்துக்கொள்வார். நினைவு தப்பும் கணத்தில் கை தானாகச் சரிந்து உயிரைக் காப்பாற்றும். சாவின் விளிம்பில் விழித்திருக்க முடியுமா என்று பார்ப்பதே அவர் நோக்கம். அங்கே ஒரு நிச்சயத்தைக் கண்டதாகவும், திரும்பியபின் அதைச் சொல்லச் சொல் கிடைக்கவில்லை என்றும் பின்னாளில் எழுதினார்.

அவருடைய தத்துவம் அந்த மயக்கத்தில் இல்லை, அதற்குப் பின் அவர் செய்தவற்றில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். கண்டதை மீண்டும் ரசாயனத்தில் தேடாமல், தாமாகவே சமஸ்கிருதம் கற்று, தமக்கென ஓர் இலக்கணமும் எழுதி, நாட்டிய சாஸ்திரத்தின் ஒரு பகுதியை மொழிபெயர்த்து, கவிதை என்பது சொல்லைச் சமைத்து ரசம், அதாவது கலைச்சுவை, காய்ச்சும் உழைப்பு என்ற முடிவுக்கு வந்தார். தானாக வருவதை அப்படியே எழுதிவிடுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. வந்ததைத் தன்னுடையது என்று கொண்டாடுவது கருங்கவிதை, தன் பொய்களை அறிந்து அவற்றிலிருந்து விடுபட முயல்வது வெண்கவிதை என்று பிரித்தவர், தம்மிடம் இரண்டும் கலந்திருப்பதையும் ஒப்புக்கொண்டார். லெகோந்த் மார்ஃபின் ஊசியிலேயே நின்றுவிட்டு, 1943 டிசம்பரில் டெட்டனஸில் இறந்தார். தொமால் 1944 மே மாதம் காசநோயில் இறந்தார். இருவருக்கும் வயது 36.

கடைசி நாவலான ‘ஒப்புமை மலை’யைப் படித்துப் பாருங்கள். மலைமேல் ஒரு கிழட்டு எலியைக் கொன்றுவிடுகிறார்கள். நோயுற்ற குளவிகளைத் தின்றுவந்த எலி அது. எலி போனதும் நோய் பரவிக் குளவிகள் அழிகின்றன, குளவிகள் இல்லாமல் மண்ணைப் பிடித்திருந்த செடிகள், என்று போகிற வாக்கியம் ஒரு காற்புள்ளியில் நிற்கிறது. அதற்குமேல் எழுத அவருக்கு ஆயுள் இல்லை.