நூலகத்தில் வரலாற்று நாவலாசிரியர்கள் புது நாவலைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்குப் போனால் என்ன கேட்கலாம்?

என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், "இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா?" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பாதி வரலாறு, பாதி கற்பனை என்று அதற்கு ஒரு மனப்பாடப் பதில் வைத்திருப்பார்கள். அதைச் சொன்னதும் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

எங்கள் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் சார்பில் அவ்வப்போது இப்படிக் கூட்டம் போடுவார்கள். பதிப்பகத்தார் நடத்தும் வெளியீட்டு விழாவைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். அங்கே பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து எழுத்தாளர் வாய் திறப்பதற்குள் பாதிப் பேர் கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். நூலகத்தில் பூட்டுகிற நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

ஒரு கூட்டத்தில் இரண்டு பேர் பேசினார்கள். ஒருவரின் நாவல் சோழர் காலம், இன்னொருவருடையது 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரி. சோழர் நாவல்காரர் பேசி முடித்ததும், நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்தார். "சார், உங்க கதாநாயகன் பொழுது சாய்ஞ்சு தஞ்சாவூர்ல கிளம்பி, விடியறதுக்குள்ள காஞ்சிபுரம் போயிடறானே, எப்படி?" நேர்கோட்டில் அளந்தாலே 230 கிலோமீட்டர் வரும். நடுவில் காவிரி, கொள்ளிடம், வெள்ளாறு, தென்பெண்ணை, பாலாறு. கதையில் மாதமோ ஐப்பசி! எழுத்தாளர் சிரித்துக்கொண்டே நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

அந்த ஒரு கேள்வியில்தான் கூட்டம் சூடு பிடித்தது. பேச்சு ஆற்றைக் கடக்கும் துறைகளில் தொடங்கி, அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய குதிரைகளுக்குப் போனது. இங்கே சரியாகப் பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போவதாக, 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட குதிரையை ராத்திரி முழுக்க விரட்ட எவனுக்கு மனசு வரும்?

ஆகவே தூரம், சாப்பாடு, காசு, இப்படிச் சின்ன விஷயமாகக் கேளுங்கள். போர்த்துகீசியர் வருவதற்கு முன்னால் இங்கே மிளகாயே கிடையாது. ஆனாலும் சோழர் அரண்மனையில் மிளகாய்ச் சட்னி அரைக்கும் நாவல்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அடுத்து, ஆதாரம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று கேளுங்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் முதலானவர்களின் பெயரைச் சொல்கிறது, அவர்களுடைய உறவினர்களின் சொத்தைப் பறித்த கணக்கைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. சோழர் நாவல்களில் பல, அந்த ஒரு வார்த்தை இல்லாத இடத்தில்தான் குடித்தனம் நடத்துகின்றன.

புதுச்சேரிக்காரருக்கு இதற்கு நேர் எதிரான தொல்லை. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். கப்பல் வந்தது, யார் யாரோடு சண்டை, ஊரில் என்ன வதந்தி, ஒன்றையும் விடவில்லை. இத்தனை இருந்தால் நாவலாசிரியர் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதைத் தள்ளுவது என்றுதான் திண்டாட வேண்டும். "எதை மனசில்லாமல் விட்டீர்கள்?" என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டார். அன்றைக்கு எனக்குப் பிடித்த கேள்வி அதுதான். அதற்கு அவர் சொன்ன பதில்களில் இன்னொரு நாவலே இருந்தது.

கூட்டம் முடிந்து டீ கொடுக்கும்போது எழுத்தாளரிடம், அவர் ஆதாரமாக எடுத்த கல்வெட்டு அச்சான தொகுதியின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய நூலகமாக இருந்தால் குறிப்புதவிப் பிரிவில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் இருக்க வாய்ப்புண்டு. வீட்டுக்குத் தர மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம். எண்ணைச் சொல்ல இழுக்கிறவரின் நாவலை நான் நூலகத்தில் எடுத்துத்தான் படிப்பேன், காசு கொடுத்து வாங்க மாட்டேன்.