சாமி இல்லாதவருக்கு ஏ.ஏ. – கடிதம்

அன்புள்ள அக்கா,

என் அண்ணன் பல வருடமாகக் குடிநோயாளி. இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்து மீட்டோம். குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார் டாக்டர். அண்ணன் பெரியார் பற்றாளர். ஒரு கூட்டத்துக்குப் போய்வந்து, "குடியை விட அவர்கள் சொல்லும் 12 படியில் பாதிப் படியில் சாமி உட்கார்ந்திருக்கு, இனி வரமாட்டேன்" என்கிறார். வற்புறுத்துவதா, விட்டுவிடுவதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அண்ணன் சொல்வது உண்மை. படிகளில் கடவுள் இருக்கிறார். அதை மறைத்து அவரைக் கூட்டிப் போகாதீர்கள். ஆக்ஸ்போர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து பிரிந்து வந்தது ஏ.ஏ. ஆனால் நாத்திகர்களும் ஆரம்பத்திலிருந்தே உள்ளே இருந்தார்கள், சண்டையும் போட்டார்கள். ஜிம் பர்வெல் போன்றவர்கள் விடாமல் வாதாடியதால்தான் 'நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்று படிகளில் எழுதினார்கள். உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். இதை அவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் ஆக்ரன் கதையையும் சொல்லுங்கள். 1935 மே மாதம். பின்னால் ஏ.ஏ.-வைத் தொடங்கிய, நியூயார்க் பங்குச் சந்தைக்காரரான பில் வில்சன் குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் பேரொளியைக் கண்டதாகச் சொன்னவர் அவர். ஒஹாயோ மாநிலத்து ஆக்ரனுக்கு வந்த இடத்தில் தொழில் விவகாரம் தோற்றுப்போய், ஹோட்டல் முகப்பில் தனியாக நிற்கிறார். பக்கத்திலேயே பார். உள்ளே போய்விடுவோமோ என்ற பயத்தில் அவர் தேடியது இன்னொரு குடிகாரரை. ஒரு பாதிரியாரின் எண்ணில் தொடங்கி, போன் மேல் போன் போட்டு, கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்திக்க ஏற்பாடானது. கால்மணி நேரம்தான் என்ற நிபந்தனையோடு வந்த மருத்துவர் பல மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். பில் அவருக்கு அறிவுரை சொல்லவில்லை, தான் குடித்து அழிந்த கதையைச் சொன்னார். இடையில் ஒருமுறை சறுக்கினாலும், ஜூன் 10-க்குப் பிறகு பாப் குடிக்கவே இல்லை. அந்த நாளைத்தான் ஏ.ஏ. பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இந்த வழியின் உயிர் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். செய்த தவறுகளை ஒளிக்காமல் இன்னொரு மனிதரிடம் சொல்வது ஐந்தாம் படியில் வருகிறது. யாரையெல்லாம் காயப்படுத்தினோம் என்று எழுதி, அவர்களை மேலும் நோகடிக்காத வகையில் நேரில் போய் ஈடுசெய்வது எட்டும் ஒன்பதும். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் தங்கையிடம் வந்து நிற்கவும் நாத்திகரால் முடியாதா என்ன? 'தன்னைவிடப் பெரிய சக்தி' என்பதற்கு அந்தக் கூட்டத்தையே வைத்துக்கொள்ளும் உறுப்பினர்கள் நிறையப் பேர். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2020-ஆம் ஆண்டு அறிக்கையும், அடியோடு குடியை விடுவதில் இந்த முறை மற்ற சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல என்றே சொல்கிறது.

வற்புறுத்தாதீர்கள். வேறொரு குழுவை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், குழுவுக்குக் குழு பேச்சு மாறும். மறுபடி குடிக்க ஆரம்பித்தால், வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்தப் பார்க்காதீர்கள். வலிப்பும் ஜன்னியும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அது டாக்டர் பார்க்க வேண்டிய வேலை.

உங்களைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே பில்லின் மனைவி லோயிஸும் தோழியும் 1951-இல் தொடங்கியது அல்-அனான். அண்ணன் போனாலும் போகாவிட்டாலும் நீங்கள் அங்கே போங்கள். அதற்கு அவர் சம்மதம் தேவையில்லை.