தேக்காவுக்கு வரும் காரை எங்கே விடுவது?

வாசகர் கேள்வி – பதில்

தீபாவளிச் சாமான் வாங்க ஒரு சனிக்கிழமை மலேசியாவின் குளுவாங்கிலிருந்து அப்பா அம்மாவுடன் காரில் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவுக்கு வருகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. அங்குள்ள தேக்கா சந்தைக்குப் பக்கத்திலேயே காரை நிறுத்த முடியுமா?
*– வாசகி, குளுவாங்*

முடியும். ஆனால் காலை 9 மணிக்குள் வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு, அதுவும் தீபாவளிக்கு முந்திய வாரங்களில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்துகளில் ஒரு லாட் (கார் நிறுத்தும் கட்டம்) காலியாகும்வரை சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, டன்லப் ஸ்திரீட் எல்லாமே குறுகல். நடுவே லாரியில் சாமான் இறக்குவார்கள். பின்னால் நிற்கும் வண்டி ஹாரன் அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வரும் எண்ணம் இருந்தால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்கு விடுமுறை நாள் என்பதால் சாலையில் கார் நகரவே இடம் இருக்காது.

நாங்கள் சொல்லும் வழி வேறு. காரைப் போத்தோங் பாசிரிலோ பூன் கெங்கிலோ விடுங்கள். இரண்டுமே வடகிழக்கு எம்ஆர்டி ரயில் தடத்தில் உள்ள நிலையங்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகள், அவற்றோடு கார் நிறுத்துமிடங்கள். பூன் கெங்கிலிருந்து ஃபேரர் பார்க், அடுத்தது லிட்டில் இந்தியா. போத்தோங் பாசிர் என்றால் இன்னும் ஒரு நிலையம் கூடுதல், அவ்வளவே. நிலையங்களில் மின்தூக்கி இருக்கிறது. அம்மா படி ஏற வேண்டியதில்லை.

பணக் கணக்கையும் (சிங்கப்பூர் வெள்ளியில்) பாருங்கள். மைய வட்டாரத்துக்கு வெளியே வீவக நிறுத்துமிடத்தில் அரை மணி நேரத்துக்கு 60 காசு. காலை 9 முதல் மாலை 4 வரை விட்டால் 8 வெள்ளி 40 காசு. மைய வட்டாரத்தில் திங்கள் முதல் சனி வரை, காலை 7 முதல் மாலை 5 வரை, அரை மணிக்கு 1 வெள்ளி 20 காசு. அதே ஏழு மணி நேரத்துக்கு 16 வெள்ளி 80 காசு ஆகிவிடும். பேரங்காடிகளின் கட்டணம் தனி. நுழைவாயில் பலகையைப் படிக்காமல் உள்ளே போகாதீர்கள். முதல் மணி நேரம் மலிவாக இருக்கும், மூன்றாவது மணியில் கடிக்கும்.

அம்மாவால் நடக்கவே முடியாது என்றால், முதலில் அவரையும் அப்பாவையும் தேக்காவிலேயே இறக்கிவிட்டு, நீங்கள் மட்டும் காரைப் பூன் கெங்கில் விட்டு ரயிலில் திரும்புங்கள். முஸ்தஃபா கடைப் பக்கம்தான் அதிக வேலை என்றால் ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்குவது நல்லது. கிச்சனர் சாலைப் பேரங்காடியிலிருந்து சாலைக்கு வராமலேயே அந்த நிலையத்துக்குள் போகலாம்.

தங்கை குடும்பத்தோடு ஈப்போவிலிருந்து புதன்கிழமை மாலை வந்து ஞாயிறு மதியம் திரும்புகிறாள். காரை எங்கள் புளோக்கின் கீழேயே விடலாமா? அவர்கள் ரயிலில் ஊர் சுற்றும் நாள்களில் நான் அந்தக் காரை எடுத்து வேறு லாட்டுக்கு மாற்றலாமா?
*– வாசகர், ஈசூன்*

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இங்கே குடியிருக்கும் நீண்டகால அனுமதிக்காரர்களும் வெளிநாட்டுப் பதிவுகொண்ட காரைச் சிங்கப்பூரில் ஓட்டக் கூடாது. "பத்து மீட்டர்தானே, லாட் மாற்றினேன்" என்பது எடுபடாது. சாவியைத் தங்கையிடமோ மைத்துனரிடமோதான் வைத்திருக்க வேண்டும்.

விடுவதைப் பொறுத்தவரை, தரையில் போட்டிருக்கும் கோட்டின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளைக் கோடு போட்ட லாட் எல்லாருக்கும் பொது. சிவப்புக் கோடு மாதச் சீசன் பார்க்கிங் வைத்திருப்பவர்களுக்கு. உங்களிடம் சீசன் இருந்தாலும் அது உங்கள் வண்டி எண்ணுக்குத்தான். தங்கையின் வண்டிக்கு ஒத்துவராது. விருந்தினர்கள் சம்மன் (அபராதச் சீட்டு) வாங்குவது பெரும்பாலும் இங்கேதான். இரவு 11 மணிக்கு வந்து சேர்ந்து, வெள்ளை லாட் கிடைக்காமல், "காலையில் எடுத்துவிடலாம்" என்று சிவப்பில் விடுவார்கள்.

கட்டணத்துக்கு வருவோம். பெரும்பாலான மின்னியல் வீவக நிறுத்துமிடங்களில் இரவு 10.30 முதல் காலை 7 வரை எவ்வளவு நேரம் விட்டாலும் 5 வெள்ளிக்கு மேல் போகாது. பகலில், மைய வட்டாரத்துக்கு வெளியே, உச்சவரம்பு 12 வெள்ளி. அதாவது பத்து மணி நேரத்துக்குப் பிறகு மீட்டர் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். புதன் மாலை 6 மணிக்கு வந்தால் 10.30 வரை 5.40 வெள்ளி, நான்கு இரவுக்கு 20 வெள்ளி, வியாழன் தொடங்கிச் சனிக்கிழமை வரை மூன்று பகலுக்கு 36 வெள்ளி. கூட்டினால் 61 வெள்ளி 40 காசு. ஞாயிறும் பொது விடுமுறையும் காலை 7 முதல் இரவு 10.30 வரை இலவசம் என்று பல வீவக நிறுத்துமிடங்களில் பலகை இருக்கும். உங்கள் புளோக்கில் அது இருந்தால் கணக்கு அங்கேயே முடிகிறது. இல்லாவிட்டால் ஞாயிறு மதியம்வரை இன்னும் 6 வெள்ளி.

பலர் மறப்பது நிறுத்துமிடக் கட்டணத்தை அல்ல, வாகன நுழைவு அனுமதிக் கட்டணத்தை. வெளிநாட்டுக் காருக்கு அது நாளொன்றுக்கு 35 வெள்ளி. சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் கிடையாது. வார நாளில் மாலை 5 முதல் மறுநாள் அதிகாலை 2 வரையும் கிடையாது. ஆண்டுக்குப் பத்து நாள் இலவசமும் உண்டு. தங்கை புதன் மாலை 6 மணிக்கு உள்ளே வந்தால் அன்றைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கார் உங்கள் புளோக்கின் கீழே அசையாமல் நின்றாலும் வியாழனும் வெள்ளிக்கிழமையும் கணக்கில் ஏறும். கார் ஓடுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நாட்டுக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்த ஆண்டின் பத்து இலவச நாளும் தீர்ந்துவிட்டிருந்தால் அங்கேயே 70 வெள்ளி. நுழையும்போது வாங்கும் சாலைக் கட்டணம் 6.40 வெள்ளி வேறு. நான்கு நாளும் ரயிலில்தான் சுற்றப் போகிறார்கள் என்றால், ஈப்போவிலிருந்து பேருந்தில் வரச் சொல்லுங்கள்.

மலேசியக் காரில் வீவக நிறுத்துமிடத்துக்குள் நுழையும்போது தடுப்புக் கட்டை தூக்கவில்லை. பின்னால் ஐந்து வண்டி. என்ன தவறு செய்தோம்?
*– வாசகர், மாசாய்*

சிங்கப்பூர் வண்டிகளில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிறு பெட்டி இருக்கும். தடுப்பில் உள்ள கருவி அதைத்தான் தேடுகிறது. உங்கள் காரில் அது இல்லாததால் கட்டை அசையாது. பெரும்பாலான இடங்களில் ஓட்டுநர் பக்கம் ஒரு கம்பம் இருக்கும். அதில் பணம் ஏற்றிய நெட்ஸ் ஃபிளாஷ்பே போன்ற அட்டையைத் தொட வேண்டும். கை எட்டும் அளவுக்குக் கம்பத்தை ஒட்டி நிறுத்துங்கள். எட்டாமல் கதவைத் திறந்து தொங்கிக்கொண்டே அட்டையைத் தொட்டு, அதைக் கீழே போட்டுவிட்டுத் தேடுபவர்களை வாரம்தோறும் பார்க்கலாம்.

வெளியேறும்போதும் அதே அட்டையைத் தொட வேண்டும். மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கணவர் ஒரு அட்டையைத் தொட்டு நுழைந்திருப்பார். போகும்போது மனைவி பையிலிருந்து வேறொன்றை எடுத்து நீட்டுவார். கருவிக்கு அந்த இரண்டாவது அட்டை நுழைந்த பதிவே இல்லை. இன்னொரு சிக்கல், அட்டையில் பணம் போதாதது. உள்ளே விட்டுவிடும், வெளியே விடாது. வருவதற்கு முன்பே எம்ஆர்டி நிலைய இயந்திரத்திலோ செவன் இலெவன் கடையிலோ 20, 30 வெள்ளி ஏற்றிவையுங்கள். மாட்டிக்கொண்டால் கம்பத்தில் உள்ள பொத்தானை அழுத்திப் பேசுங்கள். பின்னால் உள்ள வண்டியைப் பின்னுக்குப் போகச் சொல்லி நீங்களே பின்வாங்கக் கிளம்பாதீர்கள். அங்கே இடித்துக்கொண்டவர்கள் அதிகம்.

தடுப்புக் கட்டை இல்லாத இடத்தில் எப்படிக் கட்டணம் கட்டுவது? கூப்பன் வாங்க வேண்டுமா?
*– வாசகி, கோத்தா திங்கி*

பார்க்கிங் டாட் எஸ்ஜி செயலியைப் பதிவிறக்குங்கள். 2017 அக்டோபரில் வந்தது. மலேசிய வண்டி எண்ணையும் ஏற்கும். வண்டி எண், நிறுத்துமிடம், எவ்வளவு நேரம் என்று மூன்றையும் கொடுத்துத் தொடங்கினால் போதும். முன்னதாகக் கிளம்பினால் முடித்துவிடுங்கள், பயன்படுத்தாத நிமிடங்களுக்கான பணம் திரும்பும். நேரம் போதாவிட்டால் கடைக்குள் நின்றபடியே நீட்டிக்கலாம். அதற்குக் கைப்பேசியில் இங்கே இணையம் வேலை செய்ய வேண்டும் என்பதை மட்டும் ரோமிங் இல்லாதவர்கள் நினைவில் வையுங்கள்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, எண்ணைத் தட்டும்போது ஓ எழுத்தும் பூஜ்யமும் குழம்புவது. மற்றது நிறுத்துமிடத்தின் பெயர். செயலி அருகிலுள்ளதைத் தானே காட்டும். லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்கும் அடுத்த சந்துக்கும் பெயர் வேறு. பக்கத்துச் சந்தின் பெயரில் பணம் கட்டிவிட்டு, "நான்தான் கட்டினேனே!" என்று சம்மனைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சாலையோரப் பலகையில் உள்ள பெயரோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

காகிதக் கூப்பன் கையில் இருந்தால், மாதம், நாள், மணி, நிமிடம் உள்ள காதுகளை முழுதாகக் கிழியுங்கள். அதைச் சன்னலுக்குள் வைத்த பிறகு கதவை மூடிவிட்டு ஒரு கணம் வெளியிலிருந்து பாருங்கள். கதவு அறையும் காற்றில் அது கவிழ்ந்து கிடப்பது சாதாரணம்.

மஞ்சள் கோட்டில் ஐந்து நிமிடம் நிறுத்தலாமா?
*– வாசகர், பாசிர் கூடாங்*

ஒற்றை மஞ்சள் கோட்டில் திங்கள் முதல் சனி வரை காலை 7 முதல் மாலை 7 வரை நிறுத்தக் கூடாது. இரட்டைக் கோட்டில் எந்நேரமும் கூடாது. ஆளை ஏற்றி இறக்கி உடனே நகரலாம். இரட்டை வளைகோட்டில் அதுவும் கூடாது. ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்திருந்தால் அது நிறுத்தியதாகாது என்பது வெறும் நம்பிக்கை. கட்டாத அபராதம் இருந்தால் அடுத்த முறை சோதனைச்சாவடியிலேயே திருப்பி அனுப்பப்படலாம். 2019 மே முதல் அந்த விதி இருக்கிறது.

தைப்பூசத்தன்று?
*– வாசகர், மூவார்*

சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலைத் தெண்டாயுதபாணி கோயில்வரை காவடிப் பாதை. சுற்றுவட்டாரத்தில் சாலைகள் மூடப்படும், அந்த நேரத்தில் உள்ளே இருந்த கார் உள்ளேயேதான். காவடி எடுப்பவரையும் பால்குடத்தையும் கொண்டுவிட வேண்டுமென்றால் விடியும் முன்பே இறக்கிவிட்டு வெளியேறிவிடுங்கள். டேங்க் சாலை பக்கம் ஃபோர்ட் கானிங் எம்ஆர்டி, பெருமாள் கோயிலுக்கு ஃபேரர் பார்க்.

காரை ஜோகூர் பாருவிலேயே விட்டுவிட்டு வந்தால்?
*– வாசகி, கூலாய்*

ஒரு நாள் பயணத்துக்கு அதுவே எங்கள் முதல் தேர்வு. ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கத்தில் காரை விட்டுவிட்டு, நடந்தே சோதனைச்சாவடிக்குள் போகலாம். 170 பேருந்து உட்லண்ட்ஸ் வழியே புக்கிட் தீமா சாலையில் வந்து குயின் ஸ்திரீட்டில் முடிகிறது, தேக்காவுக்கு வசதி. உட்லண்ட்ஸில் இறங்கி ரயில் ஏறினால் வடக்கு தெற்குத் தடத்தில் நியூட்டன், அங்கே மாறி டவுன்டவுன் தடத்தில் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. டோபி காட்வரை போய் மாறினாலும் ஒரே நிலையம்தான், ஆனால் அங்கே நடை அதிகம். சோதனைச்சாவடியில் பேருந்திலிருந்து இறங்கும்போது பைகள் அனைத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மறுபக்கம் நீங்கள் ஏறுவது வேறு பேருந்தாக இருக்கும்.