கார் விண்வெளிக்குப் போனதில் எனக்குச் சண்டை இல்லை, ஹான் திரும்பி வந்ததில்தான்

கேள்வி இது: ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் படங்களை ஒரு கூட்டம் தலையில் வைத்து ஆடுகிறது, இன்னொரு கூட்டம் காறித் துப்புகிறது. லாஜிக்கே இல்லாத இந்தப் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது?’

நீங்கள் சொல்லும் இரண்டு கூட்டமும் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பதால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா சங்ககிரியிலிருந்து முப்பது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். அக்கா வீட்டுக்காரர் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார், வருடத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு வடநாட்டு ஊரில் போர் போட்டுக்கொண்டிருப்பார். நான் கோயம்புத்தூரில் கியர் வெட்டித் தரும் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசர். அக்கா பையன் ஏழாவது படிக்கிறான், அவனுக்கு இந்தப் பத்துப் பாகமும் மனப்பாடம். வண்டியைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் எங்கள் வீட்டில் சோறு ஆறிவிடும்.

முதலில் லாஜிக்கை முடித்துவிடலாம், திட்டுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். ஆறாவது பாகத்தில் (2013) ஒரு பெரிய விமானம் ஓடுபாதையில் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்குள்ளும் வெளியிலும் சண்டை நடந்துகொண்டே இருக்கும், பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியும் பாதை முடியாது. மணிக்கு 150 கிலோமீட்டர் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் 25 கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். நம்ம பீளமேடு ஏர்போர்ட்டில் சக்கரம் உருள ஆரம்பித்தால் அவிநாசியை நெருங்கும்போதுதான் மேலே கிளம்பும். ஏழாவதில் (2015) அபுதாபியில் ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்குக் கார் தாவும், அங்கே பிரேக் பிடிக்காது என்பதால் அதற்கடுத்த கட்டடத்துக்கும் தாவும். ஒன்பதாவதில் (2021) ஒரு பழைய போன்டியாக் காரில் ராக்கெட்டைக் கட்டி விண்வெளிக்கே போய் செயற்கைக்கோளை இடித்துவிட்டு வருவார்கள். பத்தாவதில் (2023) அணையின் சுவரிலேயே கார் கீழே இறங்கும்.

என் தொழில் சார்பாக ஒன்று சொல்லியே ஆகணும். முதல் பாகத்தில் (2001) அவர்கள் ஓட்டுவது கால் மைல் ரேஸ், அதாவது 400 மீட்டர். அதற்குள் மாற்றுகிற கியரை எண்ணிப் பாருங்கள். அத்தனை கியருக்கு ஆர்டர் வந்தால் எங்கள் பட்டறையில் ஒரு வாரம் ஓவர்டைம் ஓடும். அப்புறம் இன்ஜினுக்குள் விடுகிற அந்த நைட்ரஸ் வாயு. அது சூட்டில் பிரிந்து கூடுதல் ஆக்சிஜன் கொடுக்கும், அதை வைத்துக் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோலை எரிக்கலாம், சில விநாடிக்கு இன்ஜினுக்குத் தெம்பு, அவ்வளவுதான். படத்தில் பட்டனை அழுத்தினால் தெருவே கோடு கோடாக ஓடும்.

சரி, லாஜிக் இல்லை, ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் லாஜிக் இல்லாததால்தான் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். விடிய விடிய உடுக்கையடியில் அண்ணமார் கதை, அதாவது பொன்னர் சங்கர் கதை, கேட்டு வளர்ந்த ஊர் நாம். அந்தக் கதையில் வருகிற கொம்பன் பன்றியை யாராவது தராசில் நிறுத்தினோமா? வேறு ஏதோ ஒன்று இடிக்கிறது. அது எனக்குப் பிடிபட்டது அப்பாவால்தான்.

சில வருடம் முன்னால் மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போயிருந்தேன். வீடு முழுக்க ஒறம்பரை, மத்தியானம் கறிச்சோறு முடிந்து எல்லாரும் சாய்ந்திருந்த நேரம், டிவியில் தமிழ் டப்பிங்கில் முதல் பாகம். அப்பா இந்த மாதிரிப் படமெல்லாம் பார்க்கமாட்டார். அன்றைக்கு வெற்றிலை போட வந்தவர், ராத்திரி நேரத்தில் ஒரு லாரியை மூன்று கறுப்புக் கார் சுற்றி வளைப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏண்டா, யாருடா இவனுக?”

“இவங்கதானுங் ஹீரோ கேங்கு.”

“லோடு அடிக்கறவனுகளா? அப்ப லாரிக்காரன்தான்டா ஹீரோ!”

படம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கதையே அவ்வளவுதான். ஓடுகிற லாரியிலிருந்து டிவிடி பிளேயர்களைத் திருடுகிற ஒரு கூட்டம், அவர்களைப் பிடிக்க மாறுவேடத்தில் வருகிற ஒரு போலீஸ்காரன். கடைசியில் ஒரு லாரி டிரைவர் துப்பாக்கியோடு தயாராக இருப்பார். அவர் சுட ஆரம்பித்ததும் எங்கள் அப்பா கை தட்டினார் பாருங்கள், படுத்திருந்த ஒறம்பரை எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். லாரிமேல் தாவிய வின்ஸ் என்பவனுடைய கையில் கம்பி சுற்றி இறுகிக்கொள்ளும், ஓடுகிற லாரியில் ரத்தம் சொட்டத் தொங்குவான். அப்பாவின் கைதட்டல் நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்து, தார்ப்பாய் கட்டும்போது கயிற்றில் கை மாட்டிக்கொண்ட ஒரு கிளீனர் பையனைப் பற்றிச் சொன்னார். அதுவரைக்கும் அதை நாங்கள் கேட்டதில்லை.

அப்புறம் அவரே கேட்டுக் கேட்டு மற்ற பாகங்களையும் பார்த்தார். அவருக்கு ரொம்பப் பிடித்தது ஐந்தாவது (2011). ரியோ நகரத்துத் தெருக்களில் இரண்டு டாட்ஜ் கார்கள் ஒரு வங்கிப் பெட்டகத்தையே பெயர்த்து இழுத்துக்கொண்டு ஓடுமே, அது. நான் நினைத்தேன், டன் கணக்கான இரும்பை இரண்டு கார் இழுப்பதைப் பார்த்துச் சிரிப்பார் என்று. மனுஷன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “பாரம் பின்னால தள்ளுது பாரு. வளைவுல அவன் திருப்பறதுக்கு முந்தி அது திரும்புது பாரு.” தொப்பூர் கணவாயில் லோடு வண்டியை இறக்கியவர்களுக்கு அந்த பயம் தெரியும். பிரேக் சூடாகிவிட்டால் அப்புறம் நீங்கள் வண்டியை ஓட்டவில்லை, பாரம் உங்களை ஓட்டுகிறது. அந்தப் பெட்டகம் படத்தில் அப்படித்தான் நடந்துகொள்கிறது, முனையில் இருக்கிற கடையைப் பெயர்க்கிறது, கார்களைப் பின்னுக்கு இழுக்கிறது. பிற்பாடு தேடிப் படித்தேன். அதற்காகச் செய்த பெட்டகங்களில் ஒன்றுக்குள்ளேயே வண்டியை வைத்து, உள்ளே ஒரு ஸ்டண்ட் டிரைவர் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார், பெரும்பகுதியை எடுத்ததும் ரியோவில் இல்லை, போர்ட்டோ ரிக்கோவில். ஏழாவதில் விமானத்திலிருந்து கார்கள் விழும் காட்சிக்கும் நிஜக் கார்களையே மேலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார்கள். எட்டாவதில் (2017) பார்க்கிங் கட்டடத்திலிருந்து மழை மாதிரி விழுமே, அதிலும் நிஜக் கார்கள் உண்டு.

அதனால் என் கட்சி இதுதான்: எவ்வளவு பெரிய புளுகு வேண்டுமானாலும் விடட்டும், ஆனால் படத்துக்குள்ளே பாரம் இருக்கணும். இரும்புக்கு மட்டும் சொல்லவில்லை. அடிபட்டால் வலிக்கணும், விட்டால் போகணும், செத்தால் செத்திருக்கணும். முதல் படத்துக்குச் சுமார் 3.8 கோடி டாலர் செலவழித்தார்கள், பத்தாவதுக்கு 34 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. ஒன்பது மடங்கு பணம் போட்டும் அந்த வின்ஸ் கையில் இறுகிய கம்பி மாதிரி ஒரு காட்சி பத்தாவதில் எனக்குக் கிடைக்கவில்லை. ஒன்பதாவதில் ரோமன் என்கிற ஆள், இத்தனை நடந்தும் நம் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லையே என்று தன் கூட்டத்தையே கேட்பான். தியேட்டரில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் அதற்குப் பிறகு எந்தக் காட்சியிலும் எனக்குப் பதைப்பு வரவில்லை. பொய் சொல்கிறவன் நடுவில் நிறுத்திக் கண்ணடித்தால் மிச்சக் கதையை எப்படிக் கேட்பது?

ஹான் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு நிஜமாகவே எரிச்சல் அங்கேதான். மூன்றாவது பாகத்தில் (2006, டோக்கியோவில் நடப்பது) ஹான் கார் வெடித்துச் செத்துப்போவான். அமைதியாக எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கிற ஆள், எல்லாருக்கும் பிடித்துப்போனது. அதனால் நான்கு, ஐந்து, ஆறு பாகங்களை டோக்கியோவுக்கு முந்தைய கதை என்று சொல்லி அவனை வைத்துக்கொண்டார்கள். அதுகூடப் பரவாயில்லை, இவன் சாகப்போகிறவன் என்று தெரிந்தே பார்ப்பதில் ஒரு கனம் இருந்தது. ஆறாவது பாகக் கடைசியில் அவனைக் கொன்றது ஷா என்கிற வில்லன் என்று காட்டுவார்கள். எட்டாவதில் அந்த ஷாவையே கூட்டி வந்து குடும்பத்தோடு சாப்பாட்டுக்கு உட்கார வைத்துவிட்டார்கள். ரசிகர்கள் ‘ஹானுக்கு நீதி வேண்டும்’ என்று கிளம்பினார்கள், நியாயமான கோபம். அதற்கு அவர்கள் கொடுத்த பதில், ஒன்பதாவதில் ஹான் சாகவே இல்லை என்றது. கூட்டத்தின் தலைவன் டாமுடைய காதலி லெட்டி ஏற்கெனவே அப்படித் திரும்பி வந்தவள். ஆறாவதில் விழுந்து செத்த ஹானின் காதலி ஜிசெல் பத்தாவதின் கடைசியில் நீர்மூழ்கியிலிருந்து வந்து நிற்கிறாள்.

செத்தவர் எழுந்து வருவது நமக்குப் புதிதா என்ன. அண்ணமார் கோவில் படுகளத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஆட்கள் செத்தவர்களாக விழுந்து கிடப்பார்கள், தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். கதையில் தங்காள் வந்து அண்ணன்மார் இருவரையும் எழுப்புகிறாள், அவர்களும் எழுந்து தங்கச்சியோடு பேசுகிறார்கள். ஆனால் தங்கிவிடுவதில்லை, பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கள் பாட்டி ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில்தான் அழும், செத்த இடத்தில் அழாது. ஹான் வந்தான், கொறித்தான், அடுத்த சண்டைக்குக் கிளம்பிவிட்டான். எழுப்பினால் ஆச்சா?

குடும்பம் குடும்பம் என்றே பேசிவந்த டாமுக்கு ஒன்பதாவதில் திடீரென்று கூடப் பிறந்த தம்பி ஒருவன் முளைக்கிறானே, அதை எங்கள் அம்மாகூட ஒத்துக்கொள்ளவில்லை. நம்ம ஊரில் கல்யாணப் பத்திரிகையில் ஒரு தம்பி பேர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சீர் தடுமாறி, பங்காளிகள் தனிப் பந்தலில் உட்கார்ந்து, ஊரே பேசும். எட்டுப் படம் வரைக்கும் ஒருத்தன்கூட “உங்களுக்குத் தம்பி ஒருத்தர் இருந்தாரில்லைங்?” என்று கேட்கவில்லை.

ஏழாவதைப் பற்றி யாரும் என்னிடம் வாதாட வேண்டாம், அது தனி. முதல் பாகத்திலிருந்து அந்தப் போலீஸ்காரனாக நடித்த பால் வாக்கர் 2013 நவம்பரில் கார் விபத்தில் இறந்துபோனார், படம் பாதியில் நின்றது. அவருடைய தம்பிகளை நிற்கவைத்தும் கம்ப்யூட்டரில் முகத்தைச் சேர்த்தும் முடித்தார்கள். கட்டடம் விட்டுக் கட்டடம் தாவுகிற அதே படத்தின் கடைசியில் இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் வந்து, ரோடு பிரிகிற இடத்தில் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் போகும், வேறு ஒன்றும் நடக்காது. உலகம் முழுக்க 150 கோடி டாலர் வசூலித்தது, இந்தியாவிலும் 100 கோடி ரூபாயைத் தாண்டியது. அப்பா அந்த இடத்தில் “ஹாரன் அடிச்சுட்டுப் போயிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். கூட்டாக வந்த லாரிகள் பிரியும்போது அப்படித்தான் செய்வார்களாம்.

இப்போது எதிர்க்கட்சி. இதையெல்லாம் போன பரீட்சை லீவில் அக்கா பையனிடம் சொன்னேன், கொஞ்சம் வாத்தியார் மாதிரியே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவனுக்கு ரொம்பப் பிடித்தது அந்த விண்வெளிக் கார்தான், நான் ஐந்தாவது பாகத்தைப் போட்டாலே போன் நோண்ட ஆரம்பித்துவிடுவான். எல்லாம் கேட்டுவிட்டு, “ஹான் திரும்பி வந்தா நல்லதுதானுங் மாமா?” என்றான். “செத்தவன் எப்படிடா வருவான்?” என்றேன். “வரணும். எல்லாரும் வந்து ஒண்ணா சாப்பிடறாங்கல்ல கடைசில, அதுக்குத்தானுங் நான் பாக்கறதே.”

அவங்க அப்பா அப்போது ரிக்கை எடுத்துக்கொண்டு போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அவனிடம் மேற்கொண்டு நான் ஒன்றும் பேசவில்லை, அப்பாவும் வெற்றிலையை மடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

என் கட்சி இன்னமும் அதேதான். புதிதாகப் பார்க்கிறவர் கேட்டால் ஒன்று, ஐந்து, ஏழு, மற்றதெல்லாம் உங்கள் பொழுதைப் பொறுத்தது என்பேன். ஆனால் அடுத்த பாகம் வந்தால் டிக்கெட் என் செலவு என்று அவனிடம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். முதல் நாளே போகலாமாடா என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டான். அவங்க அப்பா வண்டி ஊருக்கு வந்த பிற்பாடுதான் போகணுமாம், அதுக்குள்ள தியேட்டரை விட்டு எடுத்துட்டா?

“எடுக்கமாட்டாங்க மாமா.”